இனியா வந்த வருஷம்

ஹாஜிராவும் பாரதியும் சிநேகிதிகளானது தொழிற்பேட்டையில் இருந்த ஒரு ஷூ கம்பெனியில். இருவருக்கும் அப்போது இருபது வயதுகூட ஆகவில்லை. ஷூவின் மேல்தோலைத் தைக்கிற பிரிவில் பக்கத்துப் பக்கத்து மிஷின். ஹாஜிரா முல்லா வீதியிலிருந்து வருவாள், பாரதி முதலியார்பேட்டையிலிருந்து. டிபன் பாக்ஸைத் திறக்கும்போது யாருடையது யாருக்கு என்ற கணக்கே இருக்காது. மற்ற பெண்கள் இவர்களை இரட்டைத் தையல் என்று கூப்பிட்டார்கள்.

கல்யாணம் ஆனதும் ஹாஜிரா வேலையை விட்டாள். கணவர் அப்துல் மாலிக்குக்குப் பஞ்சு மெத்தைக் கடை. பாரதி கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டாள். ஆனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் கம்பெனி விட்டதும் நேராக ஹாஜிரா வீட்டுக்கு வந்து சமையலறையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போவாள். ஹாஜிராவின் மகள் ஹனீன் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் முதலில் கையில் வாங்கியது பாரதிதான்.

பாரதியின் அப்பா இராமதாஸ் பஞ்சாலைத் தொழிலாளி. ஆலை மூடியபோது கிடைத்ததை வைத்து தவளக்குப்பத்துக்கு உள்ளே கொஞ்சம் கொல்லை நிலம் வாங்கிப் போட்டிருந்தார். அவர் காலமான பிறகு பாரதி கம்பெனியை விட்டுவிட்டு அம்மா வீராயியுடன் அங்கேயே குடிபோனாள். மருந்தடிக்காமல் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் கேழ்வரகும் காய்கறியும் போட்டாள். நிலத்தின் ஓரம் பூராவும் சவுக்குத் தோப்பு.

ஒருநாள் ஹாஜிரா அந்தத் தோப்பில் மூன்று கல் கூட்டி, பறித்த கத்தரிக்காயை அங்கேயே வதக்கிச் சோறாக்கினாள். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, இந்த நிழலில் நாலு பேரைக் கூப்பிட்டுச் சோறு போட்டு ரெண்டு பாட்டும் வைத்தால் அதுவே ஒரு விழாதானே என்று சொன்னாள். என்ன விழா என்று பாரதி கேட்டதற்கு, "கொல்லை விழா" என்று வாயில் வந்ததைச் சொன்னாள். அப்படித்தான் அது ஆரம்பித்தது.

முதல் வருஷம் பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை நடந்தது. பிளாஸ்டிக் கிடையாது, ஜெனரேட்டர் கிடையாது, சாப்பிட வருகிறவர்கள் தட்டும் டம்ளரும் கையோடு கொண்டுவர வேண்டும், அரிசியும் காயும் பக்கத்து நிலங்களிலிருந்து மட்டும் என்று இருவரும் பேசி வைத்துக்கொண்டார்கள். அக்கம்பக்கத்து ஜனங்கள்தான் வந்தார்கள். பறை வாசிக்கிற பையன்கள் வந்தார்கள். ஹாஜிரா சீரகச் சம்பாவில் பிரியாணி போட்டாள். இரண்டாம் வருஷம் டவுனிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். பிரியாணி போட்ட பாய் வீட்டு அக்கா எங்கே என்று தேடிவந்து பேசினார்கள். பாரதி அவள் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, "இவதான், எல்லாமே இவதான்" என்று காட்டினாள். அன்று வீட்டுக்கு வந்து வெகுநேரம் ஹாஜிராவுக்குத் தோளில் அந்தக் கை இருந்துகொண்டே இருந்தது.

மூன்றாம் வருஷம் இனியா வந்தாள்.

காலாப்பட்டு யுனிவர்சிட்டியில் சுற்றுச்சூழல் படித்தவள். படிப்பை முடித்துவிட்டு, பள்ளிக்கூடங்களுக்குப் போய்க் குப்பையைப் பிரிக்கச் சொல்லிக்கொடுக்கிற வேலையில் இருந்தாள். நன்றாகப் பாடுவாள். போன விழாவுக்குக் கூட்டத்தோடு வந்திருக்கிறாள், அப்போது யாரும் கவனிக்கவில்லை. மழைக்காலம் தொடங்குகிற சமயத்தில் ஒருநாள் ஸ்கூட்டியில் கொல்லைக்கு வந்து, அடுத்த விழாவுக்கு நானும் ஏதாவது செய்யட்டுமா என்று பாரதியிடம் கேட்டாள். பாரதி சரி என்றாள். அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் வந்தாள்.

ஹாஜிராவுக்கு முதலில் ஒன்றும் தோன்றவில்லை. சின்னப் பெண், ஓடியாடிச் செய்யட்டும் என்றுதான் நினைத்தாள். ஆனால் பாரதியின் போன் பேச்சு மாறியது. முன்பெல்லாம் வெண்டைக்காயில் பூச்சி, அம்மாவுக்கு மூட்டுவலி என்று பேசுவாள். இப்போது ஐந்து வார்த்தைக்கு ஒரு தடவை இனியா. சோலார் தகடு ஒன்றை இனியா இரவல் வாங்கி வருகிறாளாம், மைக்குக்கு அது போதுமாம். தட்டு கழுவுகிற தண்ணீர் வாழைக்குப் போகிற மாதிரி இனியா வாய்க்கால் வெட்டச் சொன்னாளாம். மந்தாரை இலைத் தட்டு தைக்க இனியா ஆள் பிடித்திருக்கிறாளாம். ஹாஜிரா ஊம் கொட்டினாள். கொட்டக் கொட்ட நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று அடுப்பில் வைத்து மறந்த பால் மாதிரி ஏறிக்கொண்டே வந்தது.

வெள்ளிக்கிழமை வருவது குறைந்தது. விழா வேலைடி என்றாள் பாரதி. ஹனீனும் கல்லூரி விட்டு நேராகத் தவளக்குப்பம் பஸ் ஏற ஆரம்பித்தாள். வீட்டுக்கு வந்தால் அவள் வாயிலும் இனியா அக்காதான்.

தனக்குப் பொறாமை என்பது ஹாஜிராவுக்குத் தெரியும். அதுதான் கஷ்டமாக இருந்தது. அந்தப் பெண்ணிடம் ஒரு குறை கிடைத்தால் மனசு ஆறியிருக்கும். பெரியவர்களிடம் மரியாதையாகப் பேசினாள். வந்ததும் வீராயிக்கு முட்டியில் எண்ணெய் தேய்த்துவிட்டாள். சாணி அள்ளக் கூச்சப்படவில்லை. குறை தேடித்தேடிப் பார்த்து, கடைசியில் அவள் சிரிக்கும்போது தலையைப் பின்னால் சாய்க்கிறாள் என்பதைத்தான் ஹாஜிரா கண்டுபிடித்தாள். அதையும் மாலிக்கிடம் சொன்னபோது அவருக்கு என்ன சொல்கிறாள் என்றே புரியவில்லை.

மார்கழியில் மோட்டார் கொட்டகையில் உட்கார்ந்து என்ன சமைப்பது என்று பேசினார்கள். இனியாதான் தயங்கித் தயங்கி ஆரம்பித்தாள். இந்த வருஷம் கூட்டம் அதிகம் வரும், அவ்வளவு பேருக்குப் பிரியாணி என்றால் விறகும் கறியும் நிறையப் போகும், கறி சாப்பிடாதவர்களும் வருவார்கள், எல்லோரும் ஒரே பானையிலிருந்து சாப்பிடுகிற மாதிரி ஏதாவது இருந்தால் நன்றாக இருக்குமே என்றாள். பிறகு ஹாஜிராவின் பக்கம் திரும்பினாள்.

"போன வாரம் ஹனீன் உங்க வீட்டு நோன்புக் கஞ்சி கொண்டாந்தா அக்கா. அந்த மாதிரி நான் குடிச்சதே இல்ல. அத கறி இல்லாம வெக்க முடியுமா?"

முடியும். அது நல்ல யோசனைதான் என்று அந்த நிமிஷமே ஹாஜிராவுக்குத் தெரிந்துவிட்டது. தனக்குத் தோன்றாமல் போயிற்றே என்பதுதான் எரிந்தது. அவள் பாரதியைப் பார்த்தாள். பாரதி மண்ணில் குச்சியால் கோடு போட்டுக்கொண்டு, "கஞ்சியே இருக்கட்டும்டி, ஒரு வருஷம்தானே" என்றாள். முகத்தைப் பார்த்துச் சொல்லியிருந்தால்கூடப் பொறுத்திருப்பாள்.

அதற்கு அடுத்த வாரம் யூடியூப்காரர்கள் வந்து படம் எடுத்தார்கள். ஹாஜிரா அன்று போகவில்லை. ஹனீன் போனில் போட்டுக் காட்டினாள். சவுக்குத் தோப்பில் இனியா நின்று அழகாகப் பேசினாள். பக்கத்தில் பாரதி சிரித்தபடி நின்றாள். இந்த விழா யோசனை எப்படி வந்தது என்று கேட்டதற்கு, "பாரதி அக்காவோட ஃப்ரெண்ட் ஒருத்தவங்க சொன்னதுதான்" என்றாள் இனியா. ஃப்ரெண்ட் ஒருத்தவங்க. மறைத்துவிட்டாள் என்றும் சொல்ல முடியாது, சொன்னாள் என்றும் சொல்ல முடியாது. ஹாஜிரா அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் பாரதி அதே மாதிரி சிரித்துக்கொண்டு நின்றாள், ஒரு பெயரைச் சொல்லத் திறக்காத வாயோடு.

விழாவுக்கு இரண்டு நாள் முன்னால் ஹாஜிரா பாரதிக்குப் போன் செய்தாள். காரைக்காலில் நாத்தனார் மகளுக்கு நிச்சயதார்த்தம் திடீரென்று முடிவாகிவிட்டது, ஞாயிற்றுக்கிழமை வர முடியாது என்றாள். அப்படி ஒரு நிச்சயதார்த்தமே இல்லை. ஐயோ நீயில்லாம எப்படிடி என்று பாரதி பதறுவாள், கெஞ்சுவாள், அப்போது கொஞ்சம் பிகு பண்ணிவிட்டுச் சரி என்று சொல்லலாம் என்பதுதான் அவள் போட்டுவைத்த கணக்கு.

பாரதி பதறவில்லை.

"சரிடி, போய்ட்டு வா. அம்மா கஞ்சிய பாத்துக்கும்" என்றாள் பாரதி.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாலிக் குட்டியானை வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தி, பெரிய தேக்சாக்களை ஏற்ற ஆரம்பித்தார். பாத்திரம் தருவதாகச் சொல்லியிருந்ததை ஹாஜிரா மறந்தே போயிருந்தாள். வேண்டாம் என்று சொல்ல நினைத்தாள். ஆனால் ஏன் என்று கேட்டால் பொய்யையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும். நீ வரலயா என்று அவர் கேட்டார். தலைவலி என்றாள். ஹனீன் பழைய துணியில் தைத்த தோரணத்தை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் ஏறினாள். இறக்கி வைத்துவிட்டுத் திரும்பிவிடுவேன் என்று சொல்லிப் போன மாலிக் திரும்பவில்லை.

வீடு வெறிச்சென்று ஆனது. ஹாஜிரா பெருக்கிய இடத்தையே மறுபடி பெருக்கினாள். அரிசியைக் களைந்து வைத்துவிட்டு யாருக்கு ஆக்குவது என்று நின்றாள். போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். கஞ்சிக்கு எவ்வளவு வெந்தயம் என்று கேட்டாவது கூப்பிடுவார்கள் என்று எதிர்பார்த்தாள். மத்தியான லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொன்ன பிறகு போன் அடித்தது. மாலிக்தான். பின்னால் பறைச் சத்தம் கேட்டது.

"நல்லா இருக்குது ஹாஜிரா. ஏகப்பட்ட கூட்டம். தலவலி எப்டி இருக்கு? நீ வந்திருக்கலாம்."

கஞ்சி யார் வைக்கிறார்கள் என்று அக்கறையில்லாதவள் மாதிரி கேட்டாள். வீராயி அம்மா வெக்குது, அந்த இனியா பொண்ணு கிண்டுது என்றார். நன்றாக இருக்கிறதா என்றாள்.

"நல்லாத்தான் இருக்கு."

இருபது வருஷமாகத் தன் கையால் சாப்பிடுகிறவர் வாயிலிருந்து வந்த அந்த வார்த்தையை அவளால் தாங்க முடியவில்லை. போனை வைத்துவிட்டு, களைந்து வைத்த அரிசியை அப்படியே மூடினாள். புர்காவை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினாள். எதற்குப் போகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. கெட்டுப் போயிருக்க வேண்டும் என்று மனசின் ஒரு மூலை வேண்டிக்கொண்டது. கூட்டம் கலைந்து, கஞ்சி அடிப்பிடித்து, பாரதி தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். தான் போய் நிற்க வேண்டும். கடலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அரியாங்குப்பம் தாண்டுகிற வரைக்கும் அந்தக் காட்சியையே ஓட்டிக்கொண்டு வந்தாள்.

தவளக்குப்பம் சந்திப்பில் இறங்கியவர்களில் பாதிப் பேர் கையில் தட்டு இருந்தது. அவர்கள் பின்னாலேயே நடந்தாள். கொல்லைக்கு வெளியே சாக்குத் துணியில் சுண்ணாம்பால் 'கொல்லை விழா' என்று எழுதிக் கட்டியிருந்தது. தான் சொன்ன வார்த்தையைத் தானே யாரோ மாதிரி வாசித்துவிட்டு, முகத்திரையை இறக்கிவிட்டுக்கொண்டு உள்ளே போனாள்.

ஒன்றும் கெட்டுப்போகவில்லை. சவுக்கு நிழலில் வைக்கோல் பரப்பிக் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருந்தார்கள். மண்பானைகளில் தண்ணீர். கழுவுகிற இடத்தில் சாம்பலையும் பூந்திக்கொட்டையையும் வைத்து ஆளாளுக்குத் தட்டைத் தேய்த்தார்கள், தண்ணீர் வாய்க்காலில் ஓடி வாழைக்குப் போயிற்று. தரையில் ஒரு காகிதத் துண்டுகூட இல்லை. அவளுடைய தேக்சாவின் முன்னால் வரிசை நின்றது. ஹாஜிராவும் வரிசையில் நின்றாள். யாரோ ஒரு கல்லூரிப் பையன், தட்டு கொண்டு வரலியா ஆன்ட்டி என்று கேட்டுவிட்டு, இலைத் தொன்னையில் கஞ்சியை ஊற்றிக் கொடுத்தான். திரையை லேசாக விலக்கி வாயில் வைத்தாள். இஞ்சி பச்சையாக நின்றது, கெட்டியாகவும் இருந்தது. இதையா என்று நினைத்தாள். முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு குடும்பம் எழுந்து இரண்டாம் தடவை வாங்கப் போனது.

மாலிக் மேடைக்குப் பக்கத்தில் ஒரு கிழவரோடு உட்கார்ந்திருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர், தொப்பி போட்டு மடியில் அக்கார்டியன் வைத்திருந்தார். அவர் வாசிக்க வாசிக்க மாலிக் தொடையில் தாளம் போட்டார். கல்யாண வீட்டில்கூடத் தாளம் போடாத மனுஷன்.

அப்புறம் பாரதி மேடை ஏறினாள்.

மேடை என்றால் மண்ணை மேடாக்கிக் கீற்று வேய்ந்த இடம்தான். பாரதி ஊதாப் புடவையில், கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றாள். ஏதோ நன்றி சொல்லப் போகிறாள் என்று ஹாஜிரா நினைத்தாள். பாரதி கண்ணை மூடிக்கொண்டு பாட ஆரம்பித்தாள்.

"ஊசி ஓடுது ஓடுது
ஊரு போய்ச் சேரல
நூலு தீருது தீருது
நேரம் தீரல..."

ஹாஜிரா தொன்னையைக் கீழே வைத்தாள். அது ஷூ கம்பெனிப் பாட்டு. மிஷின் சத்தத்தில் வேறு யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில் பாரதி இட்டுக்கட்டியது. பக்கத்து மிஷினில் இருந்த ஒரே ஒருத்திக்குத்தான் அது கேட்டது. பாரதிக்கு இப்படி ஒரு குரல் உண்டு என்பது உலகத்தில் தனக்கு மட்டும் தெரிந்த விஷயம் என்று ஹாஜிரா இத்தனை வருஷம் வைத்திருந்தாள். இப்போது முந்நூறு பேர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பாட்டுக்கு இரண்டாவது அடி உண்டு. அது ஹாஜிரா கட்டியது. ஒரு மத்தியானம் பாரதி முதல் அடியை முடித்ததும், தைத்துக்கொண்டே இவள் பதில் சொல்கிற மாதிரி பாடினாள். அந்த இடம் வந்தது. பாரதி நிறுத்தினாள். பக்கத்தில் இனியா எழுந்து நின்று, பாரதியின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு பாடினாள்.

"தேனு வாசம் கையில
சோத்துல வந்து நிக்குது
யாரு காலு போடுமோ
என் கையி தேடுது..."

தேன் இல்லை. தோல். நாள் முழுக்கத் தோலைத் தைத்துவிட்டு எத்தனை சோப்பு போட்டுக் கழுவினாலும் டிபன் பாக்ஸைத் திறந்தால் சோற்றில் அந்த வாசம் வரும். அதைத்தான் அவள் பாடினாள். அந்தப் பெண் அதைத் தேன் என்று கேட்டுவைத்திருக்கிறாள். பாரதி திருத்தவும் இல்லை. ஆனால் இனியாவின் குரல் சவுக்கு உச்சி வரைக்கும் போய் இறங்கியது. ஜனங்கள் கைதட்டினார்கள். ஹாஜிராவுக்குத் தன் வீட்டுச் சாமான் எதையோ அடுத்தவர் வீட்டு நடுக்கூடத்தில் பார்த்த மாதிரி இருந்தது. அது அங்கே நன்றாக இருந்ததுதான் இன்னும் பொறுக்கவில்லை.

அவள் வேகமாக மோட்டார் கொட்டகைப் பக்கம் நடந்தாள். அந்த வழியாகப் போய்விடலாம் என்று நினைத்தாள். பின்னால் ஓடிவரும் காலடி கேட்டது.

"நில்லுடி."

பாரதிதான். மூச்சு வாங்கினாள். ஹாஜிரா திரும்பாமலேயே, எப்படித் தெரிந்தது என்று கேட்டாள்.

"மூஞ்சிய மூடிக்கிட்டா ஆச்சா? நம்ம கம்பெனில மூஞ்சியவா பாத்தோம், காலைத்தானே பாத்தோம். உன் நட எனக்குத் தெரியாதா?"

ஹாஜிரா திரையைத் தூக்கினாள். காரைக்காலிலிருந்து சீக்கிரம் திரும்பிவிட்டதாகச் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். அதற்கு வழியில்லாமல் போயிற்று. காலையில் பாத்திரம் இறக்கும்போதே, நிச்சயதார்த்தம் எத்தனை மணிக்கு என்று பாரதி மாலிக்கிடம் கேட்டிருக்கிறாள். யாருக்கு நிச்சயம் என்று அவர் திருப்பிக் கேட்டாராம்.

"அப்ப காலையிலேயே தெரியும். ஒரு போன் பண்ணலயே நீ" என்றாள் ஹாஜிரா.

"பண்ணல."

"நான் இல்லாமயே நல்லா நடக்குதுன்னு பண்ணலயா?"

பாரதி கொட்டகைச் சுவரில் சாய்ந்தாள். தூரத்தில் உறுமி ஆரம்பித்தது.

"கூப்ட்டா நீ வந்திருப்ப. நீ வந்து முன்னாடி நின்னா எனக்குப் பாட வராதுடி" என்றாள். "மொத வருஷம் உன்கிட்டதான் கேட்டேன், ரெண்டு பேரும் நம்ம பாட்ட பாடலாமான்னு. ஞாபகம் இருக்கா? விழுந்து விழுந்து சிரிச்ச. இந்த வயசுல உனக்கு எதுக்கு இதெல்லாம்னு கேட்ட. நீ வெளையாட்டாத்தான் சொன்ன. ஆனா அதுக்கப்புறம் எனக்கு வாயத் தொறக்கவே கூச்சமாப் போச்சு."

ஹாஜிராவுக்கு ஞாபகம் இருந்தது. விளையாட்டாகச் சொல்லவில்லை என்பதும் ஞாபகம் இருந்தது. மற்றவர்கள் கேட்டுவிடக் கூடாது என்றுதான் சிரித்தாள். அதைச் சொல்லாமல் வேறொன்றைச் சொன்னாள்.

"என் அடிய அவகிட்ட குடுத்துட்ட."

"ரெண்டாவது அடி இல்லாம பாட்டு மொட்டையா நின்னுதுடி. நீ பாட மாட்ட. அவ பாடறேன்னா." பாரதி புடவைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். "அவகூட இருந்தா எனக்கு நல்லாதான் இருக்கு. இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். புதுசா பொறந்த மாதிரி இருக்கு. அதுக்காக உன்ன எங்க கொண்டுபோய்க் கொட்டிட்டேன்?"

ஹாஜிராவுக்கு அழுகையாக வந்தால் தேவலை என்று இருந்தது, வரவில்லை. மேடையிலிருந்து யாரோ பாரதி அக்கா என்று மைக்கில் கூப்பிட்டார்கள். இரு, போய்விடாதே என்று சொல்லிவிட்டு அவள் ஓடினாள்.

ஹாஜிரா போகவில்லை. தேக்சாக்கள் தன்னுடையவை, கழுவி ஏற்றாமல் போவது எப்படி என்று தனக்குத்தானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டாள். வெயில் தாழும்போது கழுவுகிற இடத்தில் குந்தி, அடியில் ஒட்டியிருந்த கஞ்சியைச் சுரண்டினாள். இனியா அவளைப் பார்த்துவிட்டுக் ஈரக் கையைக்கூட உதறாமல் வந்தாள். வந்துவிட்டீர்களா அக்கா என்று உண்மையாகவே சந்தோஷப்பட்டாள். பக்கத்தில் குந்தி மறுபக்கத்தைத் தேய்த்தாள். அந்த இரண்டாவது அடி உங்களுடையதுதான் என்று பாரதி அக்கா சொன்னார்கள், சரியாகப் பாடினேனா என்று கேட்டாள்.

"நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள் ஹாஜிரா.

தேனைப் பற்றிச் சொல்லவில்லை. அந்த ஒரு தப்பாவது தனக்குத் தெரிந்து தன்னிடம் இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டாள். குட்டியானையில் வீடு திரும்பும்போது ஹனீன் தேனு வாசம் தேனு வாசம் என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். மாலிக் அந்தக் கிழவரைப் பற்றியே பேசினார். நாத்தனார் மகள் விஷயத்தை அவர் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை.

மறுநாள் காலை போன் அடித்தது. பாரதி என்று நினைத்து ஓடி எடுத்தாள். இனியா. ஹனீனிடம் நம்பர் வாங்கினாளாம். அந்தப் பாட்டுக்கு இன்னும் அடிகள் உண்டாமே, பாரதி அக்காவுக்கு மறந்துவிட்டதாம், உங்களுக்குத்தான் தெரியுமாம், ஒருநாள் வந்து கேட்டுக்கொள்ளட்டுமா என்றாள்.

ஹாஜிரா மாட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அப்போது அவள் மனசில் ஒன்று பட்டது. அது அவ்வளவு நல்ல எண்ணம் அல்ல.

"வெள்ளிக்கெழம வா. சாப்பிடற மாதிரி வா," என்றவள், கொஞ்சம் நிறுத்தி, "பாரதிகிட்ட சொல்லிக்கிட்டு இருக்க வேணாம். அவளுக்கு வேல இருக்கும்" என்றாள்.

வெள்ளிக்கிழமை பிரியாணி போட்டாள். வேண்டுமென்றுதான் போட்டாள். இனியா ஒரு பேச்சும் பேசாமல் சாப்பிட்டாள், கேட்டு இரண்டாம் தடவை போட்டுக்கொண்டாள். பாரதி உட்காருகிற இடத்தில் அவள் உட்கார்ந்திருந்ததைப் பார்க்க ஹாஜிராவுக்கு முதலில் என்னவோ போல இருந்தது. சாப்பிட்டு முடித்ததும் மற்ற அடிகளைச் சொன்னாள். ஒன்று சூப்பர்வைசரைப் பற்றி. ஒன்று மழைநாளில் பஸ் வராததைப் பற்றி. இனியா தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். சாப்பிட்ட கையை அவள் தன் மூக்கருகே கொண்டுபோய், "இன்னும் வாசம் போவல அக்கா" என்றபோது, வைத்துக்கொண்டிருந்ததை ஹாஜிராவால் வைத்துக்கொள்ள முடியவில்லை.

"அது தேன் இல்ல. தோலு."

இனியாவுக்குப் புரியவில்லை. ஹாஜிரா சொன்னாள். தோல் வரும் கட்டுகள், பசை, ஊசி ஏறிய விரல், டிபன் பாக்ஸ் எல்லாவற்றையும் சொன்னாள். மகளுக்குக்கூட இவ்வளவு சொன்னதில்லை. இனியாவின் முகம் சுருங்கிப்போயிற்று. முந்நூறு பேர் முன்னால் தப்பாகப் பாடிவிட்டேனே, பாரதி அக்கா ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள். அவளுக்குப் பாடும்போது காது கேட்காது, எப்பவும் அப்படித்தான் என்றாள் ஹாஜிரா. பிறகு இனியா அந்த அடியை மெதுவாக மறுபடி பாடினாள். தோல் என்று வந்ததும் குரல் தானாகவே தணிந்து நின்றது. இந்தத் தடவையும் ஹாஜிராவுக்குக் குறை எதுவும் கிடைக்கவில்லை. மூன்றாவது வரியில் அவளும் வாய்க்குள் சேர்ந்துகொண்டாள்.

பாரதி போன் செய்தது ஞாயிற்றுக்கிழமை. அம்மாவுக்கு மூட்டுவலி என்றாள், மல்லாட்டை பிடுங்க ஆள் கிடைக்கவில்லை என்றாள். அப்புறம் சும்மா ஞாபகம் வந்த மாதிரி கேட்டாள்.

"இனியா வெள்ளிக்கெழம உன் வீட்டுக்கு வந்துச்சாமே. என்கிட்ட ரெண்டு பேரும் சொல்லவே இல்ல."

அந்தக் குரல் ஹாஜிராவுக்கு நன்றாகத் தெரியும். மூன்று மாதமாக அவள் தொண்டையில் இருந்த குரல் அது. அக்கறையில்லாதது மாதிரி மேலே, அடியில் வேறு.

"ஆமா, வந்துச்சு. பிரியாணி போட்டேன்" என்றாள்.

"பிரியாணியா?"

"ரெண்டு தடவ வாங்கிச் சாப்ட்டுச்சு. பாட்டெல்லாம் பாடுனோம். மீதி அடியெல்லாம் சொல்லிக் குடுத்தேன்."

"நீ பாடுனியா? அவ முன்னாடியா?"

ஹாஜிரா அந்தக் கேள்வியைக் காதில் வைத்துக்கொண்டு நின்றாள். பாரதி காத்திருப்பது மூச்சில் தெரிந்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு நெஞ்சு லேசாக இருந்தது. இதற்கு வெட்கப்பட வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். கொஞ்சம் பட்டாள், ஆனால் அவசரப்படவில்லை. அடுப்பில் குழம்பு கொதித்தது. அதைக் குறைத்து வைத்துவிட்டு வந்துதான் பேசினாள்.

"வர்ற வெள்ளிக்கெழமயும் அது வருது. நீயும் வாயேன்."